மிலிட்டரி ரெக்கார்டில் பெயர் தவறாக இருக்கிறதா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பெயர் திருத்தம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். படைவீரர்களின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் கிளார்க்காக வேலை பார்த்தவன் நான், அதனால் நீங்கள் அனுப்பும் மனு அந்தப் பக்கம் போனபிறகு என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 79. அம்மாவின் பெயர் ஆதார், வாக்காளர் அட்டை, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் சரஸ்வதி. ஆனால் அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கிலும் பிபிஓவிலும் சரசு என்று இருக்கிறது. அம்மாவின் பிறந்த தேதியும் தவறு. பேங்கில் கேட்டால் ஆர்மியில் கேளுங்கள் என்கிறார்கள். அப்பா நன்றாக இருக்கும்போது இதை ஏன் கிளற வேண்டும் என்று அண்ணன் சொல்கிறான். என்ன செய்வது?
– வாசகி, வேலூர் மாவட்டம்

அண்ணன் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள் அம்மா. அப்பா நன்றாக இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். அந்த ரெக்கார்டு அவருடையது. "சரசு என்று எழுதியிருப்பதும் சரஸ்வதியும் ஒரே ஆள், என் மனைவி" என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது வெறும் எழுத்துத் திருத்தம். அவர் காலத்துக்குப் பிறகு அதையே அம்மா சொன்னால், நீங்கள்தான் அவர் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். துக்கத்தில் இருக்கிற ஒரு வயதான பெண்ணை இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அலைய விடுவது கொடுமை. அப்படி அலைந்தவர்களின் ஃபைல்களை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்தத் தவறு எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே சரி செய்வது என்பதும் புரிந்துவிடும். அந்தக் காலத்தில் லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டு யூனிட்டுக்குத் திரும்பிய சிப்பாய், மனைவி பெயரை வாயால் சொல்லுவார், வீட்டில் கூப்பிடுகிற பெயரைத்தான் சொல்லுவார். தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். அது யூனிட்டிலிருந்து 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவாக வெளியாகி ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், அங்கே ஒவ்வொரு ஜவானுக்கும் இருக்கிற 'ஷீட் ரோல்' என்ற ஆவணத்தில் ஏறும். குடும்ப உறுப்பினர் பெயர்களுக்கென்று 'கின்ட்ரட் ரோல்' என்று தனியாக ஒன்றும் உண்டு. டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவான பிபிஓ, பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் முறையான ஸ்பர்ஷில் இப்போது இருக்கிற கணக்கு எல்லாம் அதைப் பார்த்து எழுதியவைதான். ஆகவே பேங்கிலோ ஸ்பர்ஷ் சேவை மையத்திலோ முட்டி மோதிப் பயனில்லை. ரெக்கார்ட் ஆபீஸில் திருத்தினால்தான் மற்ற இடங்களில் திருந்தும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அந்த ஆபீஸ் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது.

முதலில் வீட்டில் இருக்கிற எல்லாக் காகிதங்களையும் ஒரே நாளில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஸ்பர்ஷ், மருத்துவ வசதிக்கான ஈசிஹெச்எஸ் கார்டு, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார், பான், எதையும் விடாதீர்கள். நீங்கள் எழுதியது இரண்டு பெயரைப் பற்றித்தான், ஆனால் தேடிப் பார்த்தால் மூன்றாவது ஒரு பெயரும் எங்காவது ஒளிந்திருக்கும். அதையும் சேர்த்தே திருத்தக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலை முடிந்தது என்று நினைக்கும்போது அது தலை தூக்கும்.

அப்புறம் அப்பா பெயரில் மனு. ஆர்மி நம்பர், ரேங்க், ரெக்கார்டில் உள்ளபடி பெயர், டிஸ்சார்ஜ் ஆன தேதி, பிபிஓ நம்பர் இவை முதல் இரண்டு வரியிலேயே இருக்க வேண்டும். ரெக்கார்ட் ஆபீஸில் பெயரை வைத்துத் தேட மாட்டார்கள், நம்பரை வைத்துத்தான் தேடுவார்கள், நம்பர் இல்லாத மனு மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். என்ன தவறு, எப்படி இருக்க வேண்டும் என்பதை நேராக எழுதுங்கள். குடும்பக் கதையெல்லாம் வேண்டாம். கூடவே இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அப்பாவும் அம்மாவும் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, ஆதார், பான் நகல்கள், அம்மாவின் பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதுவும். பிரமாணப் பத்திரம் நோட்டரி முன் போதுமா, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்தான் வேண்டுமா, பேப்பர் விளம்பரம் தேவையா என்பதை ஆபீஸுக்கு ஆபீஸ் வேறு வேறாகக் கேட்பார்கள். எனவே பணம் செலவழிக்கும் முன் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். மனுவையும் அந்த அலுவலகம் வழியாகவே, உதவி இயக்குநரின் மேலொப்பத்தோடு அனுப்புவது நல்லது. நேரடியாகப் போகும் தபாலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பிறந்த தேதியைத் தனியாக அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். பென்ஷன் வாங்குபவருக்கோ குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கோ 80 வயது முடிந்தால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு வயதுக்கு 100 சதவீதம். இதை ரெக்கார்டில் உள்ள பிறந்த தேதியை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். அம்மா வயதில் அஞ்சு வருஷம் குறைத்து எழுதியிருந்தால் அந்த அஞ்சு வருஷமும் அவருக்கு வரவேண்டியது வராது. பெயருக்கும் தேதிக்கும் ஒரே மனு, ஒரே பிரமாணப் பத்திரம் போதும்.

ரெக்கார்ட் ஆபீஸ் ஒப்புக்கொண்டால் புதிய பார்ட் டூ ஆர்டர் போட்டு ஷீட் ரோலைத் திருத்தும், பிறகு பென்ஷன் வழங்கும் கணக்கு அலுவலகத்துக்கு எழுதும். ராணுவத்துக்கு அது பிரயாக்ராஜில், அதாவது பழைய அலகாபாத்தில் இருக்கிறது. அங்கிருந்து திருத்திய பிபிஓ வரும். அது கைக்கு வந்தபிறகுதான் ஈசிஹெச்எஸ் கார்டையும் அடையாள அட்டையையும் மாற்றக் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் கார்டை முதலில் மாற்றிவிட்டு மேலே போகிறார்கள், அப்படிச் செய்தால் ரெக்கார்டோடு ஒத்துப்போகாத காகிதம் இன்னொன்று சேர்ந்ததுதான் மிச்சம்.

கேள்வி: நான் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவன். பள்ளிச் சான்றிதழில் பெ. முருகன். ஆர்மியில் முருகன் பெருமாள். ஆதாரில் முருகன் பி. ஸ்பர்ஷில் ஆதார் பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது. எதை மாற்றுவது?
– வாசகர், தேனி

ஆதாரை மாற்றுங்கள் தம்பி.

நம்மிடம் அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும், அதைப் புரிந்துகொள்ளாத ஆள் 'சர்நேம் என்ன' என்று கேட்டு வாங்கிப் பின்னால் போட்டுவிடுவார். இது தமிழ்நாட்டிலிருந்து படைக்குப் போன எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் உங்கள் பெயரில் தவறு எதுவும் இல்லை, விரித்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் புக், மெடல் ஆவணங்கள், பிபிஓ எல்லாம் அந்தப் பெயரில் ஒற்றுமையாக இருக்கும்போது அத்தனையையும் மாற்றுவதைவிட ஆதார் ஒன்றை 'முருகன் பெருமாள்' என்று மாற்றுவது சுலபம். ஒரு எச்சரிக்கை: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எனவே பிபிஓவில் இங்கிலீஷில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து, ஒரு இடைவெளி விடாமல் பார்த்து எழுதிக் கொடுங்கள். பான் கார்டு, பேங்க் கணக்கு இரண்டையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். ஜீவன் பிரமாண் மூலம் வாழ்வுச் சான்று கொடுக்கப் போகும்போதும் சிக்கல் வராது.

ஆர்மி ரெக்கார்டில் பெயரே வேறு ஆளுடையது போல மாறியிருந்தால் விஷயம் வேறு. சுப்பையா என்பவர் சுப்பாராவ் ஆகியிருந்தால் அதை விடக்கூடாது. அந்த மாதிரி நேரத்தில் நீங்கள் புதிதாகத் தயாரிக்கும் சான்றிதழ்களைவிட, படையில் சேரும்போது நீங்களே கொடுத்த காகிதங்களுக்குத்தான் பலம் அதிகம். சேர்ப்புப் படிவம், அதோடு வைத்த பள்ளி டிசி, இவை உங்கள் சர்வீஸ் ஃபைலிலேயே இருக்க வேண்டும். படிவத்தில் சரியாக எழுதி, பிறகு பிரதி எடுத்தவர் தவறு செய்திருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை, அவர்கள் ஃபைலே சாட்சி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ரெக்கார்ட் ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, உங்கள் சேர்ப்புப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு திருத்த மனுவைப் போடுங்கள். சிக்னல்ஸ் ரெக்கார்ட்ஸ் ஜபல்பூரில் இருக்கிறது.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு நியூமராலஜிப்படி பெயரில் எழுத்து சேர்த்து அரசிதழிலும் வெளியிட்டுவிட்டேன். ராணுவ ஆவணங்களிலும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். திருத்தம் வேறு, மாற்றம் வேறு. நீங்கள் சர்வீஸில் இருந்த காலம் முழுவதும் உங்கள் பெயர் அதுதான், அந்த ரெக்கார்டில் பிழை இல்லை. அரசிதழ் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்கிற இடத்தில் இரண்டையும் காட்டலாம். பென்ஷன் வருகிற பேங்க் கணக்கு, பான், ஆதார் இந்த மூன்றை மட்டும் பழைய பெயரிலேயே விட்டுவிடுங்கள். இதை மாற்றப்போய்த் தடையில்லாமல் வருகிற பென்ஷனுக்கு நீங்களே தடை போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அப்பா சில மாதங்களுக்கு முன் காலமானார். பிபிஓவில் அம்மா பெயர் பாப்பாத்தி, உண்மையான பெயர் பழனியம்மாள். குடும்ப பென்ஷன் தொடங்கவில்லை. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. இனிமேல் வழி இருக்கிறதா?
– வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

இருக்கிறது. மனம் விட வேண்டாம். குடும்ப பென்ஷன் அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்காகும். இன்று தாமதமானாலும் உத்தரவு வரும்போது நிலுவை சேர்ந்து வரும். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், அப்பா இறந்த தகவலை ஸ்பர்ஷில் தெரிவித்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், அவர் கணக்கில் வந்து விழும் பணத்தை எடுக்காதீர்கள். பிறகு அதைப் பிடித்தம் செய்வார்கள், அம்மாவுக்கு அது இன்னொரு இடி.

இப்போது ஆதாரத்துக்கு வருவோம். வீட்டில் இருப்பதைவிட நல்ல ஆதாரம் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். பென்ஷனுக்கு விண்ணப்பித்தபோது மனைவியின் போட்டோவும், கைரேகை அல்லது கையெழுத்தும், மச்சம் தழும்பு போன்ற அங்க அடையாளங்களும் வாங்கியிருப்பார்கள். பெயர் தப்பாக எழுதியிருந்தாலும் போட்டோவும் ரேகையும் அம்மாவுடையதுதானே. மனுவில் இதைக் குறிப்பிட்டு, "ஃபைலில் உள்ள கூட்டுப் போட்டோவையும் கைரேகையையும் ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று தெளிவாக ஒரு வரி எழுதுங்கள். கேட்காவிட்டால் யாரும் பழைய ஃபைலைப் புரட்டப் போவதில்லை.

உங்கள் பக்கத்திலிருந்து இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் பிரமாணப் பத்திரம். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே அம்மாவின் பெயர் ஆதாரில் உள்ளபடி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேயும் வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இவற்றோடு அப்பா பெயரும் அம்மா பெயரும் ஒன்றாக இருக்கிற பழைய காகிதம் எது கிடைத்தாலும் வையுங்கள். பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், உங்கள் பள்ளிச் சான்றிதழ், எதுவாக இருந்தாலும் சரி. அப்பா இறப்பதற்கு வெகு முன்னால் உண்டான காகிதம் என்றால் அதை நம்புவார்கள், போன மாதம் வாங்கியது என்றால் யோசிப்பார்கள். அதிகாரியின் மனதும் அப்படித்தான் வேலை செய்யும்.

தொகை சரியா என்றும் பார்க்க வேண்டும். சாதாரண குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றபின் இறந்தவராக இருந்தால் ஏழு வருஷம் வரை, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை 50 சதவீதக் கணக்கில் உயர்த்திய பென்ஷன் உண்டு. அப்பா 67 தாண்டி இறந்திருந்தால் இது பொருந்தாது.

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தவர். நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் தவறாகப் பதிவாகியிருப்பதை இணையத்தில் பார்த்தேன். பென்ஷனுக்காக இல்லை, பெயர் சரியாக இருக்க வேண்டும் என்ற ஆசை. முடியுமா?
– வாசகி, மதுரை

முடியும். எனக்கு இந்தக் கடிதம் ரொம்பப் பிடித்தது. நீங்கள் சொல்வது மியான்மரில் தாவுக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிற ரங்கூன் நினைவுச்சின்னமாக இருக்க வேண்டும். கல்லறை தெரியாத, அல்லது கல்லறையே இல்லாத கிட்டத்தட்ட 27,000 வீரர்களின் பெயர் அதில் இருக்கிறது, அவர்களில் பெரும்பகுதி நம் இந்திய ராணுவத்தினர். இதைப் பராமரிப்பது 1917இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். இது இந்திய அரசின் ரெக்கார்ட் ஆபீஸ் இல்லை, நேரடியாக அவர்களுக்கே எழுத வேண்டும், இணையதளத்திலேயே அதற்கு வழி இருக்கிறது.

ஆதாரம் இருந்தால் திருத்துவார்கள். அந்தக் காலத்துக் காகிதமாக இருக்க வேண்டும்: பாட்டிக்கு வந்த தந்தி, பாட்டியின் பென்ஷன் உத்தரவு, மெடலோடு வந்த சீட்டு, சேமநிதிக் கடிதம், இப்படி ஏதாவது. நம்பரும் யூனிட்டும் ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள், பலருக்கு அப்பா பெயர்கூடப் போடாமல் ஒற்றைப் பெயர்தான் இருக்கும். முதலில் அவர்களுடைய பதிவேட்டில் மாறும், கல்லில் மாறக் காலம் பிடிக்கும்.

இதையொட்டி இன்னொருவர், போர் முடிந்ததும் பென்ஷன் இல்லாமல் அனுப்பப்பட்ட தன் தாத்தாவின் சர்வீஸ் ஆவணத்தில் பெயரைத் திருத்தக் கேட்டிருக்கிறார். பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்களை 25 வருஷம்தான் வைத்திருக்க வேண்டும் என்பது ராணுவ விதி, அதன்பிறகு அழித்துவிடலாம். உங்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சான்றிதழ்தான் அவருக்கு மிஞ்சிய ரெக்கார்டாக இருக்கக்கூடும். அதை லேமினேட் செய்யாதீர்கள், நல்ல ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

கேள்வி: இரண்டு முறை மனு அனுப்பிவிட்டேன். பதிலே இல்லை. ஒரு ஏஜென்ட் பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

கொடுக்காதீர்கள். ரெக்கார்ட் ஆபீஸ் செய்கிற திருத்தத்துக்கு இடைத்தரகர் தேவையே இல்லை.

எந்த ஆபீஸுக்கு அனுப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாதி நேரம் தவறு அங்கேதான் இருக்கும். மெட்ராஸ் என்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, இஎம்இக்கும் ஆர்ட்னன்ஸுக்கும் செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ, டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர் என்கிற டிஎஸ்சிக்கு கண்ணூர். முதலில் ரெஜிமெண்டில் இருந்து பிறகு டிஎஸ்சியில் சேர்ந்து இரண்டாவது பென்ஷன் வாங்குபவர்கள் இரண்டு இடத்துக்கும் எழுத வேண்டும். விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸ், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்தில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ். அதிகாரிகளாக இருந்தவர்கள் இந்த ஆபீஸ்களுக்கு எழுதக் கூடாது, அவர்கள் ஆவணம் டெல்லி தலைமையகத்தில் இருக்கும்.

சரியான இடத்துக்குத்தான் போனது என்றால், மனு எந்தத் தேதியில் கிடைத்தது, இப்போது யாரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டே கேள்வி வைத்துத் தகவல் உரிமை மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும், ஃபைலும் நகரத் தொடங்கும். மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்திலும் பதியலாம், உங்கள் பகுதியில் பென்ஷன் குறைகளைக் கேட்கும் ரக்ஷா பென்ஷன் அதாலத் நடக்கும்போது காகிதங்களோடு நேரில் போகலாம். எதுவும் நடக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதன் கிளை சென்னையிலேயே உண்டு. மனைவியும் வாரிசும்கூட அங்கே வழக்குப் போடலாம். மனு நிராகரிக்கப்பட்டால் அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பதிலே வராமல் ஆறு மாதம் ஓடிவிட்டாலும் அடுத்த ஆறு மாதத்துக்குள் போகலாம். அதற்குத்தான் மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ள வேண்டும், தேதி காட்ட அவை உதவும்.

அந்த ஏஜென்டிடம் ஸ்பர்ஷ் பாஸ்வேர்டையோ போனுக்கு வரும் ஓடிபியையோ ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பேங்க் கணக்கு எண்ணும் மொபைல் எண்ணும் உங்களுடையதாகவே இருக்கிறதா என்றும் உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.